ஊசல் சொன்னதும் உத்தரவு சொன்னதும்

(மேச்சேரிப் படிப்பகத்தில் ஆற்றிய உரை)



இன்றைய கூட்டத்துக்கு நான் எழுதி அனுப்பிய தலைப்பைக் கண்டதும் கிளைச் செயலாளர் சற்றே திகைத்தாராம். ‘கல்லூரியில் விஞ்ஞானம்’ என்று எழுதியிருந்தேன். வேறு யாருக்கோ போக வேண்டிய கடிதம் நமக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தாராம். “விலைவாசி பற்றிப் பேசுவீர்கள், வரப்போகும் தேர்தல் பற்றிப் பேசுவீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேனே!” என்றார். அவர் மீது குற்றமில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் அரசியல் மேடைக்கும் நடுவே நாம்தான் ஒரு சுவரை எழுப்பி வைத்திருக்கிறோம். அந்தச் சுவரில் ஒரு சாளரமாவது திறக்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

இந்த வட்டாரத்திலே தறியில் உழைப்பவர் வீட்டுப் பெண் வேதியியல் படிக்கிறாள். ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பையன் இயற்பியல் படிக்கிறான். வானம் பார்த்த பூமியிலே சோளம் விதைத்தவரின் பேரன் விலங்கியல் வகுப்பிலே அமர்ந்திருக்கிறான். அந்தக் குடும்பங்களிலே கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதித்த கால்கள் இவை. இந்தக் கால்கள் அங்கே செல்வதற்கு எத்தனை மாநாடுகள், எத்தனை தீர்மானங்கள், எத்தனை சிறைவாசங்கள்! இடஒதுக்கீடு கேட்டோம், கட்டணச் சலுகை கேட்டோம், பேருந்துச் சலுகை கேட்டோம், ஊருக்கு அருகிலே கல்லூரி கேட்டோம். கேட்டதிலே கணிசமான பங்கு கிடைத்தது. பந்திக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று உட்கார வைத்துவிட்டோம். இலையிலே என்ன விழுகிறது என்று குனிந்து பார்த்தோமா? இல்லை. அங்கே பேராசிரியர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகம் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கைகழுவி எழுந்துவிட்டோம்.

நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். வீட்டிலே வருமானம் தளர்ந்தது ஒரு பக்கம், நாடக மேடை அழைத்தது மறு பக்கம். பட்டம் பெறாமலே வெளியேறினேன். பட்டம் பெறாதவனுக்குப் பாடத்திட்டம் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சமைக்கத் தெரிந்தவர் மட்டும்தான் சோறு வேகவில்லை என்று சொல்லலாம் என்றால், நாட்டிலே பாதிப் பேர் வாய்மூடித்தான் உண்ண வேண்டியிருக்கும்.

அங்கே இருந்த காலத்தில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். எந்தக் கல்லூரி என்பது தேவையில்லை. எந்தக் கல்லூரியிலும் நடந்திருக்கக் கூடியதுதான். முதலாண்டு இயற்பியல் செய்முறை வகுப்பு. தனி ஊசல். ஒரு நூல், நூலின் நுனியிலே ஒரு பித்தளைக் குண்டு, கையிலே நிறுத்து கடிகாரம். குண்டு ஆடுகிறது, இருபது அலைவுக்கு எத்தனை நொடி என்று எண்ணுகிறோம், நூலின் நீளத்தை அளக்கிறோம். அந்த இரண்டையும் கொண்டு, பூமி பொருள்களைத் தன்பால் இழுக்கும் முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். எனக்கு 977 வந்தது. நொடிக்கு நொடி, சென்டிமீட்டர் கணக்கிலே. ஆசிரியர் வந்தார், பார்த்தார், சிவப்பு மைப் பேனாவை எடுத்தார், அடித்தார். “981 வர வேண்டும். அட்டவணையைத் திருத்தி எழுதிக்கொண்டு வா” என்றார். பக்கத்து மேசையிலே இருந்தவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் 981-இலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் எத்தனை நொடியில் ஆடியிருக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி முடித்துவிட்டு, பிறகுதான் குண்டை ஆட்டினார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண்.

தோழர்களே, அந்த 981 எந்த ஊரின் எண் தெரியுமா? ஏறத்தாழ இலண்டன் நகரத்தின் எண். பூமி முழு உருண்டை அன்று; நடுவிலே பருத்து, துருவங்களிலே சற்றே தட்டையாய் இருப்பது. அதோடு தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் இருப்பது. ஆகையால் நடுக்கோட்டுக்கு அருகே வாழும் நம்மைப் பூமி இழுக்கும் இழுப்பு, வடக்கே வாழ்பவரை இழுக்கும் இழுப்பைவிடச் சிறிது குறைவு. துருவத்திலே 983, நடுக்கோட்டிலே 978, இந்த மேச்சேரி மண்ணிலே கணக்கிட்டால் 978-க்குச் சற்று மேல். நம் ஊரின் உண்மைக்குச் சிவப்பு மை! எங்கோ இருக்கும் ஊரின் எண்ணுக்கு முழு மதிப்பெண்!

நான் கண்ட 977 மிகத் துல்லியமானது என்று தம்பட்டம் அடிக்க வரவில்லை. ஒரு மீட்டர் நூலிலே மூன்று மில்லிமீட்டர் பிசகினால் போதும், 978 என்பது 981 ஆகிவிடும். குண்டின் நடுவை எப்படிக் கண்டுபிடித்தோம், நூல் எவ்வளவு நீண்டு கொடுத்தது, கடிகாரத்தை அழுத்திய விரல் எவ்வளவு தாமதித்தது என்றெல்லாம் கேட்டிருந்தால், என் 977-இலே எவ்வளவு பூமியின் செயல், எவ்வளவு என் விரலின் செயல் என்று பிரித்திருக்கலாம். அந்தப் பிரித்தறியும் வேலைதான் விஞ்ஞானம். அதைச் செய்யாமல் தடுத்துவிட்டு, விஞ்ஞானப் பாடத்திலே தேர்ச்சி என்று முத்திரை குத்துகிறார்கள்.

1672-ஆம் ஆண்டிலே ழான் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலார், பாரிசிலிருந்து தென்னமெரிக்கக் கரையிலே உள்ள கயேன் என்ற இடத்துக்குச் சென்றார். நடுக்கோட்டுக்கு அருகே உள்ள இடம். பாரிசிலே ஒழுங்காக ஓடிய ஊசல் கடிகாரம், கயேனிலே நாள் ஒன்றுக்கு இரண்டரை நிமிட அளவு பின்தங்கியது. அவர் என்ன செய்தார்? பாரிசு எண்தான் சரியான எண், கயேன் எண் கைப்பிழை என்று அடித்துவிட்டாரா? இல்லை. வாரந்தோறும், மாதக்கணக்கிலே அளந்தார். ஊசலை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் குறைத்தால்தான் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று குறித்து வைத்தார். அந்தக் குறிப்பைப் பின்னர் நியூட்டன் எடுத்துக்கொண்டார். 1687-இலே வெளிவந்த தம் பெருநூலிலே, பூமி நடுவிலே பருத்தது என்னும் முடிவுக்கு அதைச் சான்றாக நிறுத்தினார். மூன்று மில்லிமீட்டர்! பாரிசு எண்ணுக்கும் மேச்சேரி எண்ணுக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதே மூன்று மில்லிமீட்டர்தான். ரிஷே அதைப் பிடித்துக்கொண்டார். பூமியின் வடிவம் தெரிந்தது. எங்கள் செய்முறை வகுப்பிலே அதை அழித்தோம். ரெக்கார்டு நோட்டு அழகாயிற்று.

இந்த ரெக்கார்டு நோட்டு இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு நாடகமே எழுதலாம். அண்ணன் எழுதியதைத் தம்பி பார்த்து எழுதுகிறான். தம்பி எழுதியதை அடுத்த ஆண்டு மாணவன் பார்த்து எழுதுகிறான். பல ஆண்டுகளுக்கு முன் எவனோ அளந்த அளவு, பரம்பரைச் சொத்துப்போல் கைமாறிக்கொண்டே வருகிறது. பாதரசத்தின் மட்டம்கூட மாறுவதில்லை!

நாடகக்காரன் என்பதால் இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் மேடையிலே திரைக்குப் பின்னால் ஒருவர் வசனப் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார். நடிகர் மறந்தால் எடுத்துக் கொடுப்பார். எடுத்துக் கொடுப்பவரை மட்டுமே நம்பி நடிப்பவன் நடிகனாவதில்லை. ஒத்திகையிலே விழுந்து, தடுமாறி, இந்த இடத்திலே ஏன் இவன் சினம் கொள்கிறான் என்று கேட்டு, சண்டை போட்டு, அதன்பின் வசனத்தைத் தனதாக்கிக் கொள்பவனே நடிகன். நம் கல்லூரிகளிலே பல வகுப்புகள் எப்படி நடக்கின்றன? ஆசிரியர் குறிப்பு வாசிக்கிறார், மாணவர் எழுதுகிறார், தேர்விலே அதையே திருப்பி எழுதுகிறார். திரைக்குப் பின்னால் இருக்க வேண்டியவர் மேடைக்கு வந்துவிட்டார். மேடையிலே இருக்க வேண்டியவன் பார்வையாளனாகிவிட்டான். ஒத்திகையே இல்லாமல் அரங்கேற்றம்.

பெரிய கருவிகள் இல்லை, பணம் இல்லை, ஆகவேதான் இப்படி என்கிறார்கள். கருவி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 1906-ஆம் ஆண்டு சென்னை மாநிலக் கல்லூரியிலே ஒரு மாணவர் இருந்தார். பதினெட்டு வயது. பட்டக அலைமாலைமானியைக் கொண்டு பட்டகத்தின் கோணத்தை அளப்பது வழக்கமான பயிற்சி. இன்றும் நம் கல்லூரிகளிலே செய்கிறார்கள். ஒளிக்கற்றையைப் பட்டகத்தின் முகத்திலே மிகச் சாய்வாக விழச் செய்தபோது, ஓரங்களிலே தோன்றிய பட்டைகள் இருபுறமும் ஒரே அளவாக இல்லை என்பதை அவர் கண்டார். பாடப்புத்தகம் அதைக் கேட்கவில்லை. கேட்காததைக் கண்டார், ஏன் என்று ஆராய்ந்தார், எழுதினார். இலண்டனிலிருந்து வெளிவந்த ‘பிலசாபிகல் மேகசின்’ ஏட்டிலே அவ்வாண்டு நவம்பரில் அது வெளியாயிற்று. அந்த மாணவர் சர் சி. வி. இராமன். 1930-இலே அவர் பெற்ற நோபல் பரிசைப் பற்றி நாம் வாய் நிறையப் பேசுகிறோம். அவர் 1906-இலே பயன்படுத்தியது ஒவ்வொரு கல்லூரியின் மேசையிலும் இருக்கும் கருவி என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். கருவி இருக்கிறது. பட்டைகள் இன்றும் தோன்றுகின்றன. பார் என்று சொல்ல ஆளில்லை. பார்த்தால் மதிப்பெண்ணும் இல்லை.

சென்னைக்கு ஏன் போக வேண்டும்? இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது எது? ஆடு! மேச்சேரி ஆடு என்றால் கால்நடை அறிந்தவர் அனைவருக்கும் தெரியும். செம்பழுப்பு நிறம், கம்பளி இல்லாத உடல், தோல் சந்தையிலே தனி மதிப்புள்ள தோல். இதற்கென்றே பக்கத்திலே பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்து வருகிறது. இந்தத் தோல் ஏன் இத்தனை உறுதி? தோலின் உறுதிக்கு அடிப்படை கொலாஜன் என்னும் புரதம். அந்தப் புரதத்தின் வடிவம் என்ன என்று உலக விஞ்ஞானிகள் தலையை உடைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 1954-இலே அதற்கு விடை கண்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறையிலே இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய கயிறு போன்றது என்றார்கள். அடையாற்றிலே உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த, கங்காருவின் வால் தசைநாண்தான் அவர்கள் ஆராய்ந்த பொருள்களிலே முக்கியமானது.

கங்காருவின் வாலிலே இருந்த அதே கயிறுதான் மேச்சேரி ஆட்டின் தோலிலும் இருக்கிறது. தறியிலே இழை முறுக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் உண்டா? ஒற்றை இழை அறும், மூன்று இழை முறுக்கினால் அறாது என்பதை அவன் பள்ளிக்குப் போகும் முன்பே அறிந்தவன். கல்லூரியிலே அவனுக்கு அந்தப் புரதத்தின் அமினோ அமிலப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கயிற்றை அவன் கையிலே கொடுப்பதில்லை.

செய்முறையாகவே ஒன்றைச் சொல்கிறேன். பச்சைத் தோலிலே ஒரு துண்டு எடுங்கள். தண்ணீரிலே தொங்கவிட்டு மெல்லச் சூடேற்றுங்கள். 60 டிகிரியைத் தாண்டியதும், 65-க்குள்ளாகவே, திடீரென்று சுருங்கும். அந்த முறுக்குக் கயிறு அவிழ்கின்ற வெப்பநிலை அது. இப்போது ஆவாரம்பட்டையிலே ஊறவைத்துப் பதனிட்ட தோலை எடுங்கள். நம் முன்னோர் தோல் பதனிட்ட முறை அது. ஆவாரம் நம் வேலியோரத்திலேயே மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. பதனிட்ட தோல் அதே வெப்பத்திலே சுருங்காது. இன்னும் பத்து, பதினைந்து டிகிரி தாங்கும். ஏன் தாங்குகிறது? பட்டையிலே உள்ள துவர்ப்புப் பொருள் இழைகளை எப்படிக் கட்டுகிறது? எத்தனை நாள் ஊறினால் எத்தனை டிகிரி ஏறும்? மேச்சேரி ஆட்டுத் தோலுக்கும் வேறு ஆட்டுத் தோலுக்கும் வேறுபாடு உண்டா? தேவைப்படுவது ஒரு முகவை, ஒரு வெப்பமானி, ஒரு விளக்கு. கடைசிக் கேள்விகளுக்கு விடையை எந்த உரைநூலிலும் புரட்டி எழுத முடியாது. நம் பிள்ளைகள் அளந்துதான் அறிய வேண்டும். மேட்டூரிலே உப்புநீரை மின்சாரத்தால் பிளந்து காஸ்டிக் சோடா செய்கிறார்கள். கஞ்சமலையிலே இரும்புத்தாது கிடக்கிறது. பொட்டனேரியிலே உருக்காலை புகைகிறது. வேதியியலின் நடுவிலே குடியிருந்துகொண்டு வேதியியலை மனப்பாடம் செய்கிறோம்!

இனி மொழி. இந்த மேடையிலே மொழியைப் பற்றிப் பேசாமல் போனால் நீங்களே விடமாட்டீர்கள். விஞ்ஞானம் தமிழிலே வராது என்ற பாட்டை இன்னும் சிலர் பாடிக்கொண்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலே, 1847-இல் வந்திறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், அறுவை மருத்துவத்தையே தமிழிலே கற்பித்தார். அவரிடம் தமிழ்வழி பயின்று மருத்துவரானவர் 33 பேர். வேதியியலுக்கு ‘கெமிஸ்தம்’ என்ற நூல் 1875-இலேயே தமிழில் அச்சேறியது. நம் சேலத்திலேயே 1916-இல் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று ஒன்று தோன்றி, விஞ்ஞானச் சொற்களுக்குத் தமிழாக்கம் தேடி ஏடு நடத்தியது. நடத்தியவர்கள் யார்? அப்போது சேலத்திலே வழக்கறிஞராக இருந்த இராசகோபாலாச்சாரியாரும் வேங்கடசுப்பையரும். ஆச்சாரியாரின் 1938 இந்தியையும் 1953 கல்வித் திட்டத்தையும் இந்த மேடைகள் எப்படி எதிர்த்தன என்பதை உங்களுக்கு நான் கூற வேண்டியதில்லை. சொற்களைச் சமைத்ததிலே அவர்களுக்கு வடமொழிச் சுவை கூடுதல் என்பதும் உண்மை. ஆயினும் தமிழிலே முடியும் என்பதற்கு அவரும் ஒரு சாட்சி. எதிரணிச் சாட்சியின் வாக்குமூலத்துக்கு வழக்கு மன்றத்திலே மதிப்பு அதிகம்.

பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் கல்லூரிப் பாடநூல்களைத் தமிழிலே நூற்றுக்கணக்கில் கொண்டுவந்தது. 2010-இலே அண்ணா பல்கலைக்கழகத்திலே கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் தமிழ்வழியே தொடங்கப்பட்டன. நல்லவை. ஆனால் ஒரு கசப்பான செய்தியை நம்மவர்களிடமே சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலே மனப்பாடம் செய்ததைத் தமிழிலே மனப்பாடம் செய்வதால் விஞ்ஞானம் வந்துவிடாது. 981-ஐத் தமிழ் எண்களிலே எழுதினாலும் அது மேச்சேரி எண் ஆகாது. தமிழ் நமக்குத் தேவைப்படும் இடம் விடைத்தாள் மட்டுமன்று. வகுப்பறையிலே எழும் ஐயம். “ஐயா, இது ஏன் இப்படி?” என்று கேட்க வரும் சொல், ஆங்கிலத்திலே கோக்கத் தெரியாமல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறதே, அங்கேதான் தமிழ் தேவை. ஐயத்தைத் தமிழிலே கேட்கட்டும், தமிழிலே வாதாடட்டும்; ஆங்கில நூலைப் படிக்கவும் ஆங்கிலத்திலே எழுதவும் அதே கல்லூரி அவனுக்குத் திறமை ஊட்டட்டும். ஆங்கிலம் வேண்டாம் என்பவன் நானல்லன். இராமன் கட்டுரை இலண்டனுக்குப் போனது ஆங்கிலத்தில்தான்.

வாதாடுவதால் என்ன பயன், நேரம்தானே வீண் என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலே நடந்ததைச் சொல்லலாம். எரிக் மசூர் என்னும் இயற்பியல் பேராசிரியர், தாம் சிறப்பாகக் கற்பிப்பதாகவே எண்ணியிருந்தார். ஒரு நாள், கணக்குப் போடத் தேவையில்லாத எளிய கேள்விகள் கொண்ட தேர்வு ஒன்றை வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் உண்மையிலே நினைப்பதுபடி எழுதவா என்று கேட்டாராம். பேராசிரியருக்குத் தூக்கம் கலைந்தது. 1991 முதல் முறையை மாற்றினார். கேள்வியைப் போடுவது, ஒவ்வொருவரும் தனியே விடை சொல்வது, பிறகு பக்கத்திலே இருப்பவரோடு வாதாடுவது, மீண்டும் விடை சொல்வது. ஒப்பிக்கும் வகுப்பையும் இப்படி மாணவரை ஈடுபடுத்தும் வகுப்பையும் ஒப்பிட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இலே ஒரு கணக்கு வெளியாயிற்று. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்த வகுப்புகளிலே தோற்றவர் நூற்றுக்கு 33.8, ஈடுபடுத்திய வகுப்புகளிலே 21.8. பக்கத்து மாணவனோடு பேச விடுவதற்கு எந்த நிதியமைச்சரிடமும் மானியம் கேட்க வேண்டியதில்லை. மசூரின் வகுப்பும் பத்துப் பேர் வகுப்பன்று, பெருங்கூட்டம்தான்.

ஆனால் ஆசிரியர்மீது பழியைப் போட்டுவிட்டு நாம் கிளம்பிவிடக் கூடாது. அரசுக் கல்லூரிகள் பலவற்றிலே பாடம் நடத்துபவர் கௌரவ விரிவுரையாளர். பெயரிலே கௌரவம், ஊதியத்திலே, பணி உறுதியிலே அது இல்லை. அடுத்த ஆண்டு வேலை உண்டா என்று அறியாதவர், பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கேள்வியை வகுப்பிலே உலவ விடுவாரா? தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் யார் தலை உருளும் என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சிவப்பு மை போட்டவரும் அப்படி ஒருவராகவே இருந்திருக்கலாம். புற மதிப்பீட்டாளர் வந்து 977-ஐப் பார்த்தால் என்ன சொல்வாரோ என்ற அச்சம் அவர் கையைப் பிடித்திருக்கலாம். எனவே நாம் கேட்க வேண்டியவற்றிலே முதன்மையானது நிரந்தர ஆசிரியர். அடுத்தது, செய்முறைத் தேர்வின் மதிப்பெண் முறை. விடை எவ்வளவு சரி என்பதற்கு மதிப்பெண் கொடுக்கும்வரை, மாணவன் அளவைத் திருத்திக்கொண்டுதான் இருப்பான். எப்படி அளந்தான், பிழையை எப்படி மதிப்பிட்டான், ஏன் இந்த எண் வந்தது என்று விளக்கினான் என்பவற்றுக்கு மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள், ஒரே ஆண்டிலே பழைய ரெக்கார்டு நோட்டுகள் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். 1997 முதல் சேலத்திலேயே பெரியார் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏன், எதற்கு என்று கேட்கச் சொன்னவர் பெயரைத் தாங்கிய இடத்திலே இந்தக் கோரிக்கையை வைப்பதற்கு நாம் கூச வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சோதனையாவது, விடை நூலிலே இல்லாததாக, இந்த மாவட்டத்து மண்ணிலிருந்து, நீரிலிருந்து, தோலிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும் என்று கேட்போம். மனு எழுதுவதற்கு நம் செயலாளருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்தப் படிப்பகத்து உத்தரத்தைப் பாருங்கள், உறுதியான உத்தரம். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதிலே ஒரு ஊசல் தொங்கும். நூலின் நீளம் ஒரு மீட்டர், மில்லிமீட்டர் சுத்தமாக. நூறு அலைவுகள். இலண்டன் இழுப்பானால் 200.6 நொடியிலே முடியும். மேச்சேரி இழுப்பானால் 200.9. அந்த மூன்று பத்தில் ஒரு பங்கு நொடியைப் பிடிக்க முடிகிறதா, நம் விரல் அதை விழுங்கிவிடுகிறதா, விழுங்கினால் நூறுக்குப் பதில் ஆயிரம் அலைவு எண்ணலாமா என்று பார்ப்போம். இயற்பியல் படிக்கும் தம்பி, தங்கைகள் முன்வரிசைக்கு வாருங்கள். கைபேசியிலே நிறுத்து கடிகாரம் எல்லோரிடமும் இருக்கிறது. நூலும் குண்டும் நான் கொண்டுவருகிறேன். அளவுகோலைத் தையற்கடைத் தோழர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஆனால் துணி நாடாவாக இருந்தால் வேண்டாம், அது நீளும், எஃகு அளவுகோலே வேண்டும். சிவப்பு மைப் பேனாவை மட்டும் யாரும் கொண்டுவர வேண்டாம்.